அருந்ததி இல்லாத முப்பத்து மூன்று நாட்கள்

2022ஆம் வருஷம் பங்குனி பதினான்காம் தேதி இரவு, தென்காசி வட்டாரத்து வானத்திலிருந்து அருந்ததி நட்சத்திரம் காணாமல் போனது. சப்தரிஷிகள் ஏழு பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வசிஷ்டரை ஒட்டி மங்கலாக நிற்கும் அவர் மனைவி மட்டும் இல்லை. ஆலங்குளத்துக்குக் கிழக்கே நின்று பார்த்தவர்களுக்கு அவள் வழக்கம்போலத் தெரிந்தாள். புளியறை செக்போஸ்டைத் தாண்டிய லாரிக்காரர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கமும் தெரிந்தாள். இடைப்பட்ட நாற்பது கிலோமீட்டர் வானத்தில்தான் இல்லை. அந்த வாரம் சுரண்டைச் சந்தையில் கத்திரிக்காய் விலை இறங்கியிருந்தது.

அவளை அழித்தது மாரிராஜ். தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். சாரல் சீசனுக்குள் வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் நட்சத்திரங்கள் வட்டமாகச் சுழலும் படம் ஒன்று கேட்டிருந்தார். மாரிராஜ் குற்றாலத்துக்குக் கீழே ஒரு குளத்துக்கரையில் கேமராவை வடக்கே பார்த்து நிறுத்தி, அரை நிமிஷத்துக்கு ஒன்றாக நானூறு படங்கள் எடுத்தான். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோடாக வளைந்தது. விமானங்கள் போன கோடுகளை அழித்தான். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் திருவனந்தபுரத்தில் பத்திரமாக இறங்கியிருந்தன. பிறகு, ஒரு தடித்த கோட்டை ஒட்டியே மெல்லிய கோடு ஒன்று போவதைப் பார்த்தான். கேமரா ஆடி விழுந்த நிழல் என்று நினைத்தான். மணப்பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் மருவையும் பதினைந்து வருஷமாகத் துடைத்துப் பழகிய கை, அதையும் துடைத்தது. மறுநாள் சுரண்டையில் முகூர்த்தம். மெமரி கார்டையும் காலி செய்துவிட்டான்.

அருந்ததி கண்ணுக்குத் தெரியாமல் போனவருக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்களின் நம்பிக்கை. இளையவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. பார்த்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு மட்டுமே தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டார்கள். வீட்டில் சொல்லிப் பிள்ளைகளைக் கலங்கடிக்க யாருக்கும் மனமில்லை. முருகம்மாள் என்பவள், 1994இல் இரவல் வாங்கிய பித்தளை அண்டாவைப் புளி போட்டு விளக்கி ஓரகத்தி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள் ஒரே நாளில் எதிரெதிரே பலகாரத்தோடு கிளம்பி, பாதி வழியில் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டார்கள். டவுன் பஸ்ஸில் கிழவர்கள் கிழவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்ததால் சில இருக்கைகள் தென்காசியிலிருந்து சுரண்டை வரை காலியாகவே போயின. மாலையில் கோயில் பிரகாரத்தில் தமக்கென்று வேண்டிக்கொண்டவர்கள் குறைவு. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஊரில் பலருக்குக் குரல் தணிந்துவிடுகிறது.

மாரிராஜின் அப்பா இசக்கியப்பன் ஓய்வுபெற்ற ஏட்டு. தோட்டத்துக் கிணற்றிலிருந்து தம்பி சங்கரபாண்டியின் வயலுக்குப் போகும் வாய்க்காலைப் பதினான்கு வருஷமாக அடைத்து வைத்திருந்தவர், ஒரு நாள் காலையில் தாமே மண்வெட்டியோடு போய் அதைத் திறந்துவிட்டு வந்தார். கோடையில் அந்தத் தண்ணீர் பெரிய விஷயம். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். மருமகள் உமாராணி மட்டும் சித்திரை எட்டாம் தேதி அரிசிப் பானைக்குள் கையை விட்டபோது திகைத்துப்போனாள்.

“மாமா மூணு வாரமா பிரஷர் மாத்திரையே போடல. எல்லாத்தையும் பிரிச்சு அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்காவ” என்றாள் கணவனிடம்.

நர்ஸ் வந்து பார்த்தபோது பிரஷர் இருநூறுக்கு மேல் இருந்தது. கால் வீங்கியிருந்தது. இசக்கியப்பன் அமைதியாகச் சொன்னார்: “அருந்ததி தெரியலலே. புரட்டாசியோட சரி. அதுக்கு எதுக்கு மாத்திரைய வீணாக்கணும்?”

மாரிராஜ் அன்றிரவே மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தான். கீழே வந்து தன் படத்தைப் பார்த்தான். அப்புறம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான்.

“யப்பா, அது உங்க கண்ணு இல்ல. நான்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேன்.”

“ஏலே, சுரண்டைக் கல்யாணத்துல அந்தப் பிள்ளை மூக்குல இருந்த மருவையுந்தான் அழிச்ச. அது போயிருச்சா? நேத்துகூட மார்க்கெட்ல பாத்தேன், அங்கனதான் இருக்கு.”

மாரிராஜ் மாத்திரையைக் கையில் வைத்துக் கெஞ்சியும் பெரியவர் வாய் திறக்கவில்லை. புரட்டாசி வரைகூடத் தாங்காது என்று நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் மாரிராஜ் படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து பார்த்தான். அன்றிரவு வானத்தில் அந்த இடத்தில் ஒன்று எரிந்தது. ஆனால் மினுக்கவில்லை; மாட்டிவைத்த பல்பு மாதிரி இருந்தது. நாய்கள் விடாமல் குரைத்ததால் விடியுமுன் அழித்துவிட்டான். உமாராணிதான் வழி சொன்னாள்.

“துபாய்ல இருக்க தாய்மாமன எப்படி குரூப் போட்டோவுல நிப்பாட்டுவிய? வேற படத்துல இருந்து வெட்டி ஒட்டத்தான செய்விய? அவ எங்கன தெரியுதாளோ அங்கன போய் எடுங்க.”

சித்திரை பதினாறாம் தேதி, நிலா இல்லாத இரவு, மாரிராஜ் ஆலங்குளத்தைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டோரம் இடம் பிடித்தான். ஒரு வீட்டு வாசல் விளக்கின் வெளிச்சம் கேமராவில் விழுந்தது. அது ஹைருன் பீவி என்ற விதவையின் வீடு. நோன்பு மாதம்.

“மூணு மணி நேரம் லைட்ட அணைச்சு வைக்கணும்மா. நட்சத்திரத்தப் படம் எடுக்கணும்.”

“நட்சத்திரத்துக்கு எதுக்கு மூணு மணி நேரம்? அதுவும் நம்ம ஆளுவ மாதிரி தலை சீவிட்டு வருமோ?”

“எங்கப்பாவுக்கு ஆகணும்மா.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. விளக்கை அணைத்தார். அக்கம்பக்கத்து நான்கு வீடுகளுக்கும் நடந்து போய், “யாரோ ஒரு வாப்பாவுக்கு முடியலயாம், லைட்ட அணைங்க” என்று சொல்லிவிட்டு வந்து, வாசற்படியில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருந்தார். ஐந்து வீடுகள் முகம் தெரியாத ஒரு பெரியவருக்காக இருட்டில் உட்கார்ந்திருந்தன. கடவுளுக்கு அது போதுமாயிருந்திருக்க வேண்டும். அந்த இரவில் ஒரு மேகம்கூட வரவில்லை. கிளம்பும்போது அவன் கையில் நான்கு பேரீச்சம்பழம் இருந்தது.

மறுநாள் அந்த மெல்லிய கோட்டை மட்டும் வெட்டி, தென்காசிப் படத்தில் வசிஷ்டரின் பக்கத்தில் ஒட்டினான். இடம் மயிரிழை பிசகியது. திருத்தப் போனவனின் கையை உமாராணி பிடித்துக்கொண்டாள். “போதும். இனிமே அதத் தொடாதீய.”

மோட்டாருக்கு மும்முனை கரண்ட் இரவில்தான் வரும். அன்று தண்ணீர் பாய்வதைப் பார்க்கலாம் என்று மாரிராஜ் அப்பாவை பைக்கில் கிணற்றடிக்கு அழைத்துப் போனான். வாய்க்கால் ஓரத்தில் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வசிஷ்டருக்குப் பக்கத்துல ஏதும் தெரியுதா பாருங்க.”

இசக்கியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “தெரியுது.”

“எனக்கு ஒரு மாசமா தெரியல. ஆறு மாசந்தான்னு இருந்தேன்.”

“எங்கிட்ட ஏம்லே சொல்லல?”

“நீங்க மட்டும் சொன்னியளாக்கும்?”

சங்கரபாண்டி தயங்கிக் கேட்டார்: “அப்ப, வாய்க்கால அடைச்சிருவியளா?”

“கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏறலலே. வரப்ப வெட்டி விடு.”

தம்பி வரப்பை வெட்டிவிட்டு வந்து மறுபடியும் மேலே பார்த்தார். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நிக்குத மாதிரி இல்ல?”

“நின்னுட்டுப் போட்டும். வந்துட்டாள்லா” என்ற இசக்கியப்பன், மகன் பக்கம் கையை நீட்டி மாத்திரை கேட்டார்.

டவுன் பஸ்ஸில் பழையபடி இடத்துக்குச் சண்டை வந்தது. ஆனால் அந்த முப்பத்து மூன்று நாட்களில் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்டதாகத் தகவல் இல்லை. தென்காசியில் அருந்ததி இன்றும் மயிரிழை தள்ளித்தான் உதிக்கிறாள். கல்யாண வீடுகளில் விரலை அதற்கேற்பச் சற்று நகர்த்திக் காட்டுகிறார்கள்.