விருந்தாளிக்கு ஒரு முழு நண்டு

மெத்தைக் கம்பெனி மேனேஜர் தாமாகவே வாய்விட்டு, "ஒரு நாள் உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிடணுமே" என்று சொன்னது ஜிப்புவிடம். பத்தொன்பது வருடமாக மெத்தை உறைகளின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து 'சரி' என்று முத்திரை குத்துவது ஜிப்புவின் வேலை. சொந்தப் பேரைச் சொன்னால் கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது. ஜிப்பு என்றால் வாசல் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அந்த இடத்தில் "வாங்க சார்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஜிப்புவுக்கு ஜிப் நிற்கும், நாக்கு நிற்காது. "எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா நண்டுதான் சார். சம்சாரம் நண்டு வச்சா தெருவே வந்து எட்டிப் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கல்யாணமான பதினேழு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நண்டு நுழைந்தது இரண்டே முறை. அதிலும் ஒன்று, மாடி வீட்டுக்கு வந்த பொட்டலம் கதவு தவறி வந்தது.

சம்சாரம் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். ஊசி போட்டு வெளியே அனுப்பப்பட்டவர்கள் அவள் மேசைக்கு எதிரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவள் தலையைத் தூக்கி, "மரத்துப்போச்சா?" என்று கேட்க வேண்டும். வாய் கோணி "ஆவா" என்றால் உள்ளே அனுப்ப வேண்டும். பதினொரு வருடமாக இதையே கேட்டுக் கேட்டு, கொஞ்ச காலமாகக் கேள்வி அவள் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டது மாதிரிதான் இருந்தது. தொடுவது தெரிகிறது, யாருடைய கன்னம் என்றுதான் தெரியவில்லை.

"துணை மேனேஜர், உறைப் பிரிவு. அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு" என்றார் ஜிப்பு, சட்டையைக் கழற்றிக்கொண்டே. "ஒருத்தன் வீட்டுக்கு மேனேஜரே வந்து சாப்பிடுறாருன்னா என்ன அர்த்தம்? டிரைவர் வீட்டுக்குப் போனாரு. பேக்கிங் மேஸ்திரி வீட்டுக்குப் போனாரு."

"அவங்க ரெண்டு பேரும் இப்போ கம்பெனியிலேயே இல்லையேங்க?"

"அவங்களாத்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. இதைவிடப் பெரிய எடமா கெடைச்சிருக்கும். மேனேஜரோட கைராசி அப்படி!"

ஜிப்புவின் சம்பளத்தில் வாடகையும் அரிசியும். அவள் சம்பளத்தில் மற்றதெல்லாம். நாற்பத்தெட்டு வயதில், ஜிப் இழுக்க மட்டுமே தெரிந்த மனிதருக்கு உலகத்தில் வேறு நாற்காலி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் துணை மேனேஜர் நாற்காலியைப் பற்றி அவ்வளவு பேசினார்.

ஞாயிறு காலை மீன் கடையில், முழு நண்டின் விலையைக் கேட்டபோதும் அவள் முகம் மாறவில்லை. பக்கத்தில் ஒரு பேசினில், காலும் கொடுக்கும் போன நண்டுகள் குவிந்து கிடந்தன.

"அது?"

"அதுங்க ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக் காலை விட்டதும்மா. பாதி விலைதான்" என்றாள் கடைக்காரி. "சதை ஒடம்புலதானே இருக்கு? கால் எதுக்கு, ஓட்டப்பந்தயத்துலயா விடப்போற?"

"அதுல ஒரு கிலோ போடுங்க. முழுசுல ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா? யாருக்கு?"

"மேனேஜருக்கு."

"அப்போ ஆம்பளை நண்டா எடுத்துக்க. கொடுக்கு பெருசா இருக்கும், பார்க்கக் கம்பீரமா இருக்கும். மத்தபடி ஒண்ணும் இருக்காது." கடைக்காரி ஒரு கவரில் ஐஸையும் அள்ளிப் போட்டாள். "உயிரோட கொதிக்கிற தண்ணில போட்டுடாத, பெருசும் காலை ஒதறிடும். அப்புறம் மேனேஜருக்கு மொண்டியைத்தான் வைக்கணும். ஐஸ்ல அரை மணி நேரம் போட்டுவை. மரத்துப்போயிடும். அதுக்கப்புறம் என்ன பண்ணாலும் அதுக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து நண்டுகளை ஐஸில் கவிழ்த்தாள். மேலே கிடந்த பெரியது நாலு தரம் காலை நீட்டி மடக்கியது. பிறகு மூன்று. பிறகு ஒன்று. அவள் தன்னையறியாமல் குனிந்து, "மரத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

தட்டுதான் இல்லை. வீட்டில் இருந்தவை எல்லாம் ஒடுங்கிப்போன எவர்சில்வர். "நீலக் கரை போட்ட வெள்ளைத் தட்டு டிரைவர் வீட்ல இருக்கு, வாங்கிட்டு வா" என்று குளியலறைக்குள்ளிருந்து உத்தரவு வந்தது. டிரைவர் குடும்பம் அடுத்த சந்தில்தான். டிரைவர் இல்லை, அவர் மனைவி மட்டும் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா வர்றாங்க?"

"மேனேஜர்."

மெஷின் நின்றது. டிரைவர் மனைவி எழுந்துபோய், அலமாரியின் மேல் தட்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய நான்கு தட்டுகளை இறக்கினாள். உடனே கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தட்டுலதான்க்கா சாப்பிட்டாரு. கோழி. ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. பாதிச் சாப்பாட்டுல ஒரு கவரை எடுத்துக் குடுத்தாரு. பசியா இருக்கும்போது குடுத்தா கோவம் வரும், வயிறு ரொம்பினதும் குடுத்தா மனசு ஒடையும், பாதியிலதான் குடுக்கணும்னு ஏதோ புத்தகத்துல போட்டிருக்காம். அதையும் அவரே சொன்னாரு."

"என்ன கவரு?"

"என்ன கவரா? நாளையிலேர்ந்து வராதேங்கிற கவரு. மேஸ்திரி வீட்லயும் அப்படித்தான். இவரு வெளியில சொல்லலை. நானே எழுதிக் குடுத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. மேஸ்திரியும் அதையே சொன்னாரு. ஆம்பளைங்களுக்கு மானம்தான் பெருசு." தட்டுகளை நீட்டினாள். "கழுவிட்டுக் குடுக்கா. அவசரம் இல்ல. நான் அதை எடுக்கறதே இல்ல."

திரும்பி நடக்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நான்கு தட்டும் கனமாக இருந்தன, அவ்வளவுதான். கம்பெனி ஆயுத பூஜையில் ஒரு தரம் பார்த்திருக்கிறாள்; இத்தனை வீட்டில் சாப்பிட்டும் அந்த ஆள் இளைத்தே இருக்கிறாரே என்று ஒரு நினைப்பு வந்து போனது.

வீட்டில் ஜிப்பு கண்ணாடி முன்னால் நின்று, "இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியானவனான்னு தெரியலை சார், ஆனா..." என்று பழகிக்கொண்டிருந்தார். 'ஆனா'வில் குரலைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்பதில் அவருக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை.

"ஏங்க..."

"என்ன?"

அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். காலரில் விலைச்சீட்டு குத்தியிருந்த குண்டூசி இன்னும் இருந்தது. அவள் அதைப் பிடுங்கிப் போட்டாள். "ஒண்ணுமில்ல. ஊசி குத்திடும்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் மனிதர் சாப்பிட மாட்டார். நண்டு அடுத்த வேளைக்கு நிற்காது.

வேலையில் இறங்கினாள். ஒவ்வொன்றையும் மல்லாத்தி, வயிற்று மூடியை நெம்பி, மேல் ஓட்டைப் பிரித்து, செவுளைக் கிள்ளி எறிந்தாள். காலற்றவற்றை இரண்டாக வெட்டி வேகவைத்து, சதையைத் தோண்டி எடுத்தாள். தோண்ட, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட வளைந்த ஊசி ஒன்று அவளிடம் இருந்தது. பல் ஓட்டையைக் குடைவது. உடைக்க, பல் பிடுங்கும் பழைய குறடு. இரண்டையும் இரண்டு தரம் கொதிக்கவைத்து எடுத்திருந்தாள். ஒரு கிலோ நண்டில் இரண்டு கைப்பிடிதான் சதை தேறியது. வேகவைத்த உருளைக்கிழங்கு மூன்று, முட்டை ஒன்று, வெங்காயம், மிளகுத்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்ததும் இரண்டு கைப்பிடி எட்டாயிற்று. அதைத் திரும்பவும் ஓடுகளுக்குள் அடைத்து, கல்லில் கவிழ்த்துச் சிவக்கவிட்டாள். பார்ப்பதற்கு எட்டு நண்டு. உள்ளே உருளைக்கிழங்கு உட்கார்ந்திருப்பதை ஓடு வெளியே சொல்லாது. வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை. பூண்டும் தக்காளியும் வதக்கி, அதையே ஊற்றிக் குழம்பாக்கி, பெரிய நண்டை மட்டும் ஓட்டைத் திரும்ப மூடி முழுசாக அதில் இறக்கினாள். கொடுக்கு இரண்டும் கிண்ணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, விருந்தாளியை வரவேற்கத் தயாராக நின்றன.

மேனேஜர் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு தோல் பை. "நாமெல்லாம் ஒரே குடும்பம். அதனாலதான் நான் ஆபீஸ்ல எதையும் பேசறதில்ல" என்றபடி உட்கார்ந்தார். ஜிப்பு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நீலக் கரைத் தட்டைப் பார்த்ததும் மேனேஜர் கை ஒரு கணம் நின்றது. "இந்தத் தட்டு..."

"டிரைவர் வீட்டுத் தட்டு சார்" என்றாள் அவள்.

மேசைக்கு அடியில் ஜிப்பு அவள் காலை மிதித்தார். "ஒரே மாதிரி செட்டு சார்! ரெண்டு வீட்டுக்கும் சேர்ந்து வாங்கினோம்."

"நல்ல ராசியான தட்டு" என்றார் மேனேஜர், தட்டைப் பார்க்காமல்.

அடுத்து குறடு அவர் கண்ணில் பட்டது.

"அது நண்டுக்குன்னே வெளிநாட்ல செய்யற ஐட்டம் சார்" என்றார் ஜிப்பு.

"தெரியுமே! பெரிய ஓட்டல்ல எல்லாம் இதேதான் வைப்பான். நான் எப்பவும் இதுலதான் உடைக்கறது" என்று மேனேஜர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். யாருடைய கடைவாய்ப் பல்லோ கடைசியாகப் பார்த்த குறடு, முதல் கொடுக்கை உடைத்தது. அவருக்கு உடைக்கவும் வரவில்லை, உறிஞ்சவும் வரவில்லை. ஓட்டைக் கடித்து, தூளை மென்று, "பிரமாதம்" என்றார். இரண்டு கையும் முழங்கை வரை குழம்பு. ஜிப்பு உருளைக்கிழங்கு நண்டை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம் வீட்டு நண்டில் இவ்வளவு சதையா என்று அவருக்கே ஆச்சரியம்.

"காலெல்லாம் அப்படியே நிக்குதேம்மா, எப்படி?" என்று கேட்டார் மேனேஜர், உபசாரத்துக்கு.

அவள் சாதம் வைத்துக்கொண்டே சொன்னாள். "திடீர்னு சூட்டுல போட்டா ஒதறிடும் சார். மொதல்ல ஜில்லுன்னு ஐஸ்ல வச்சு, பதமா மரத்துப்போக விடணும். அப்புறம் வெட்டினா அதுக்கே தெரியாது. நமக்கும் கை கடிக்காது."

மேனேஜர் மெல்லுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "அருமையான மேனேஜ்மென்ட் பாடம்மா இது! கை மட்டும் காலியா இருந்தா எழுதி வச்சுப்பேன்."

சோறு பாதியாயிற்று. மேனேஜர் தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் பார்த்தார். கோழி ஒரு கை வேலை. நண்டு அப்படி இல்லை என்பதைப் புத்தகம் எழுதினவர் யோசிக்கவில்லை.

"அம்மா, அந்தப் பையில ஒரு கவர் இருக்கும். கொஞ்சம் எடுங்களேன். சாருக்குத்தான்."

ஜிப்புவின் இரண்டு கையும் உருளைக்கிழங்கு. "பிரிச்சுப் படி! சத்தமாப் படி!" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் உயரமானார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். "தங்களது பத்தொன்பது ஆண்டு கால உழைப்பை நிர்வாகம் நன்றியுடன் பாராட்டுகிறது. உறைப் பிரிவுக்குத் தாங்கள் ஆற்றிய பணி ஈடு இணையற்றது."

"ஈடு இணையற்றது" என்று ஜிப்பு மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அப்புறம்?"

மூன்றாவது வரி 'எனினும்' என்று ஆரம்பித்தது. அவள் கண்ணாலேயே அதைக் கடைசி வரை படித்தாள். எதிர்பார்த்தது அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது. கடிதத்தை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்து, அதன் மேல் உப்பு டப்பாவை வைத்தாள்.

"மீதி?"

"மீதி சாப்பிட்டப்புறம்."

கிண்ணத்தில் இரண்டாவது கொடுக்கு இருந்தது. மேனேஜருக்கென்று வாங்கியது, மேனேஜர் கையும் அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியால் அதை எடுத்து வீட்டுக்காரர் தட்டில் வைத்தாள்.

"ஏய், சாருக்கு வைம்மா!"

"சாருக்குப் போதும்" என்றாள். குறடை வாங்கி, நேராகப் பிடித்து, இரண்டு இடத்தில் அழுத்தி, ஓட்டைப் பிளந்து, சதையை உடையாமல் முழுசாக உருவி அவர் சோற்றின் மேல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கூட அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கியதில்லை.

மேனேஜர் நீட்டின கையை மடக்கிக்கொண்டார். எழுந்து கை கழுவினார். கழுவினார், கழுவினார், நண்டு வாடை போகவில்லை. ஜிப்பு எழுந்திருக்கப் பார்த்தபோது, "நீங்க சாப்பிடுங்க, உட்காருங்க" என்றார். கம்பெனியில் யாரும் கேட்டிராத குரல் அது. வழியனுப்ப அவள்தான் வாசல்வரை போனாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "ஃபோம் வெட்டறவர் வீடு இந்தப் பக்கம்தானே எங்கேயோ?" என்றார் மேனேஜர்.

"ரெண்டாவது தெரு சார். தட்டு வேணும்னா எங்கிட்ட வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

உள்ளே ஜிப்பு கொடுக்குச் சதையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். "முழுக் கொடுக்கு இப்போதான் சாப்பிடுறேன். தித்திப்பா இருக்கு, தெரியுமா?" என்றார். "அந்த மீதியைப் படியேன்."

அவள் எதிரே, மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"முடிங்க" என்றாள்.