இடப்பக்கத்துப் பெட்டி

மாதாவைப் பீடத்திலிருந்து இறக்க வேண்டும் என்று கிறிஸ்தோபர் சொல்லியேவிட்டான். இந்தச் சொல் எப்போது வருமோ என்றுதான் கிறேஸ் பயந்துகொண்டிருந்தாள். மாதாவை நினைத்தல்ல, பாவம், புருசனை நினைத்து.

தமையன் சுவிசிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் நெஞ்சளவு உயரம். சரியான இடத்தில் வைத்தால், பாடுகிறவள் இரண்டுக்கும் நட்டநடுவே நின்று பாடுவதுபோல் கேட்குமாம். கிறிஸ்தோபருக்கோ அவள் எப்போதும் வலப்பக்கமே ஒதுங்கி நின்றாள். அவன் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் மூழ்கிச் சுழியோடுகிறவன். சுழியோடும்போது இடுப்பில் கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, கதிரையிலிருந்து இரண்டு பெட்டிக்கும் ஒரே தூரம் பிடித்துப் பார்த்தான். சுவரை விட்டுத் தள்ளிப் பார்த்தான். வயரை மாற்றிக் கொழுவியும் பார்த்தான். இடப்பக்கத்துப் பெட்டி ஊமையாகவே இருந்தது. அந்த மூலையில் இருக்கும் பீடமும் அதன் திரைச்சீலையுமே சத்தத்தைக் குடிக்கின்றன என்று கடைசியில் முடிவு கட்டினான்.

கிறேஸுக்குப் பாட்டு நடுவில்தான் கேட்டது. அதை அவள் வாய்திறந்து சொல்லவில்லை. போன கிழமை, மேலே ஏறச் சொல்லி, கூட வேலைசெய்யும் றுவைஸ் படகிலிருந்து கப்பல் இரும்பில் தட்டத் தட்ட, கிறிஸ்தோபர் கீழேயே நின்றானாம். போட் எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை என்று சமாளித்துவிட்டான். நாளைக்கு மறுபடியும் இறங்க வேண்டும்.

பெட்டி தள்ள வந்த றுவைஸுக்கு மூச்சு வாங்கியது. "மச்சான், இது ஸ்பீக்கரா, இல்லாட்டி உன்ர கலியாண அலுமாரியா?"

"கதையை விட்டுட்டுப் பிடியடா."

கிறேஸ் செபத்தை முணுமுணுத்தபடி மாதாவை இறக்கி, மார்போடு அணைத்துக்கொண்டாள். திரையும் கழன்றது. பாட்டுப் போட்டார்கள். கிறிஸ்தோபரின் முகம் வெளிறியது.

"இன்னும் வலப்பக்கந்தான்."

இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது. "கதிரையைத் திருப்பிப்போட்டு, பெட்டியளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கோப்பா. கண்ணை மூடி, சத்தம் வாற பக்கம் கையைக் காட்டுங்கோ. பெட்டியில பிழையெண்டா இப்ப இடக்காதிலதான் கேக்கும்."

"பிழை பெட்டியில இல்லாட்டி?"

றுவைஸ் கதிரையைத் திருப்பினான். கிறிஸ்தோபர் அமர்ந்து கண்ணை மூடினான். பாட்டுத் தொடங்கியது. கிறேஸ் மாதாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இடக்கை, மாதாவே, இடக்கை.

வலக்கைதான் எழுந்தது.

அவன் கண்ணைத் திறந்து திரும்பினான். இத்தனை நாளும் ஊமை என்று ஏசிய பெட்டியைத்தான் அவனுடைய விரல் காட்டிக்கொண்டிருந்தது.

விரலை மடக்கிக்கொண்டு றுவைஸைப் பார்த்து, "நாளைக்கு நீ இறங்கு," என்றான். "நான் மேல நிண்டு தட்டுறன்."

"ஓம் மச்சான். பலமாத் தட்டு. நானும் கொஞ்சம் செவிடுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாடுகிறவள் நட்டநடுவே நின்று பாடிக்கொண்டிருந்தாள், கிறேஸுக்கு.