மாற்றி வைத்த பசை அட்டை

எங்கள் கட்டடத்தில் ஆறு குடித்தனம். மழைக்கு எறும்பு, குளிருக்கு எலி, வெயிலுக்குக் கரப்பான் என்று வாடகை கொடுக்காத ஒரு குடித்தனமும் வருஷம் முழுக்க எங்களோடு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தடிக்க ஆள் வருவார். இந்தத் தடவை அடித்தும் கரப்பான் அடங்கவில்லை.

"எந்த வீட்ல குடும்பம் நடத்துதுன்னு தெரியாம அடிச்சுப் பிரயோஜனம் இல்ல" என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு பசை அட்டை கொடுத்தார். ஒரு வாரம் அடுப்படியில் வைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். எதில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அதுதான் கரப்பானுக்குத் தாய்வீடு.

நான் பள்ளிக்கூட டீச்சர். கட்டடத்துக்கும் நான்தான் டீச்சர். மாடிப்படியில் வெங்காயச் சருகு கிடந்தால் யார் வீட்டுச் சருகு என்று விசாரித்து, கதவைத் தட்டி, அவர்களையே எடுக்க வைப்பேன்.

மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து என் அட்டையை எடுத்தேன். பசையே தெரியவில்லை. பெரிசு, சிறிசு, பொடிசு, இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கிற ஒன்று. மலிவாகக் கிடைத்ததென்று நாலு மாதம் முன்பு வாங்கின பழைய ஃப்ரிட்ஜ். அதன் மோட்டாருக்குள் ஒரு ஊரே குடியிருந்திருக்கிறது.

அந்த நிமிஷமே மருந்துக்காரரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மானம் போய்விடும் என்று பயந்தேன். அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, கைப்பையில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வரும் வழியில் கடையில் அதே மாதிரி அட்டை ஒன்று வாங்கி, கொடுக்க வேண்டிய நாள் காலையில் உறையைப் பிரித்தேன். பிள்ளைகள் காப்பியடித்தால் காதைத் திருகுகிறவள் நான்.

மருந்துக்காரர் அட்டைகளை வாங்க வந்தபோது, கட்டட ஓனர் என் அட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, டீச்சர் வீடு! எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!" ஒரு வாரம் அடுப்படியில் கிடந்ததாக நான் கொடுத்த அட்டையில் ஒரு தூசி, ஒரு முடி கூட இல்லை. மருந்துக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த அட்டையை எடுத்தார்.

அதிகம் ஒட்டியிருந்தது எனக்கு நேர் கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்ணின் அட்டையில். என் அடுப்படிக் குழாய் அவள் அடுப்படி வழியாகத்தான் இறங்குகிறது. குழாய்க்காகத் தரையில் போட்ட ஓட்டை வழியாக என் வீட்டிலிருந்து போனவை அவை.

"துணி மூட்டையா சேத்து வீட்டைக் குப்பைமேடாக்கி வச்சிருக்கே. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றார் ஓனர். அவள் முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பில் ஒரு நிமிஷம் மூடாத என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் மேலே வந்தாள். கையில் ஒரு நோட்டு, பேனா.

"அக்கா, நீங்க சொன்னா ஓனர் கேப்பாரு. மூணு மாசம் டைம் வாங்கிக் குடுங்க. அடுத்த தடவ என் அட்டையும் உங்களுது மாதிரி இருக்கும். எப்படி வச்சிருக்கீங்கன்னு உங்க அடுப்படிய ஒருதடவ பாத்துக்கலாமா? எழுதிக்கிறேன்."

தலைவலி, நாளைக்கு வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள், நான் வாசலில் செருப்பு அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்து முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

உள்ளே கூட்டிப்போய் ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பினேன். சுவரெல்லாம் சிதறி ஓடின. ஒன்று அவள் பாதத்தில் ஏறி இறங்கியது.

"நான் குடுத்தது கடையில வாங்கின புது அட்டை" என்றேன். "என் அட்டையில முழுக்க இதுங்கதான். உன் வீட்டுக்கு வந்ததும் இங்கேருந்துதான்."

அவள் எதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "என்ன டீச்சர், விளையாடுறீங்களா?" என்றார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவைதான் அதிகம் வெட்கமாக இருந்தது. கடைசியில், "சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார்.

போனை வைத்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் நோட்டை மூடினாள்.

"நேத்து எம் பொண்ண அடிச்சிட்டேங்கா" என்றாள். "கட்டில்ல உக்காந்து பிஸ்கட் தின்னியே, அதான் வீடு போச்சுன்னு. ஆறு வயசு. அழுதுக்கிட்டே வீடு முழுக்க அவளே கூட்டினா."