சுவருக்குக் கட்டிய பேண்டேஜ்

எனக்கு வாய் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. எண்பத்தெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டியபோதும் அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

அப்போது நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் தறிக்காரர்களை வேலை வாங்கும் மேஸ்திரி. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் என் மனைவி அழகுத்தாயின் அண்ணன் தனுஷ்கோடி. பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார். கடைசியாகப் பாக்கியிருந்தது முன்னறையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு துண்டுச் சுவர்தான். அதைப் பூச வந்தவர் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும், பலகையை வைத்துப் பார்ப்பதும், டீ குடிப்பதுமாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மச்சான், பொண்ணா பாக்கீய? சாந்தை அள்ளி அப்புறதுக்கு இம்புட்டு சோடனையா? இதை எங்க தறிக்காரன்கூடச் செஞ்சிருவான்.”

அவர் கரண்டியைக் கழுவினார். சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். “அப்படியா மாப்ளே? அப்ப நீங்களே அப்பிக்கிடுங்க” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழகுத்தாய் தாய் தகப்பன் இல்லாதவள். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த அண்ணன் ஒருத்தர்தான். மறுநாள் காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டு வாங்க. எங்க அண்ணன் வராம நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன். பால் காய்ச்சுறதும் கிடையாது, குடி வாறதும் கிடையாது.”

நான் போகவில்லை. அப்போது எனக்கு மீசை என்று ஒன்று இருந்தது. சுவரை நானே பூசிக் காட்டினால், மச்சான் வெட்கப்பட்டுத் தானாக வருவார் என்று நினைத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

செங்கல்லை முதலில் நன்றாக நனைக்கவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பிய சாந்தில் பாதி சுவரில் நின்றது, மீதி என் காலில் விழுந்தது. செத்த நேரம் கழித்துப் பார்த்தால், சுவரில் நின்றதும் காலுக்கு வந்திருந்தது. எத்தனை முறை அப்பினாலும் இதே கதைதான். அப்போதுதான் என் மேஸ்திரி மூளை வேலை செய்தது. கை முறிந்தால் டாக்டர் என்ன செய்கிறார்? எங்கள் துணியை மாவில் தோய்த்துச் சுற்றுகிறார். கை நிற்கும்போது சுவர் நிற்காதா?

கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கி, மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தேன். சுவரின் உச்சியில் வரிசையாக ஆணி அடித்து, துணியைத் திரை மாதிரி தொங்கவிட்டு, அதன்மேல் சாந்தை அப்பினேன். அடடா, எப்படி ஒட்டியது! காய்ந்ததும் வெள்ளையடித்து, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். துணி சமாச்சாரத்தை மட்டும் அழகுத்தாயிடம்கூட மூச்சுவிடவில்லை.

பால் காய்ச்சும் நாளில் சொந்தமெல்லாம் வந்துவிட்டது. அடுப்படியில் விறகை அடுக்கிவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக அழகுத்தாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல நேரம் போகுதுட்டி” என்று என் அத்தை இருளம்மாள் நச்சரித்தாள். அழகுத்தாய் அசையவில்லை. அவள் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மீசை விடவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. மச்சான் புது வெண்கலப் பானையோடு இறங்கினார். “கூப்பிடாத வீட்டுக்கு வந்திருக்கேன். என் தங்கச்சிக்காக” என்று என்னைத் தாண்டிப் போய்ப் பானையை அவளிடம் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

எல்லோரும் பால் பொங்குவதைப் பார்க்க அடுப்படியில் கூடிவிட்டார்கள். முன்னறைக்குத் திரும்பி வந்த மச்சான், என் சுவர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடினார். விரல் முட்டியால் தட்டினார். டொப் என்றது. என்னைப் பார்த்தார். “மாப்ளே, இதுல ஆணி கீணி அடிச்சிராதீய” என்றார்.

வந்ததே கோபம் எனக்கு! என் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்ல இவர் யார்? முருகன் படத்தையும் சுத்தியலையும் எடுத்தேன். ஒரே அடிதான். உச்சியிலிருந்த ஆணிகள் வரிசையாகக் கழன்றன. பூச்சு முழுவதும் ஒரே பலகையாகத் துணியோடு முன்னால் சாய்ந்தது.

பால் பொங்கும் முன்னால் புது வீட்டில் ஏதாவது விழுந்து உடைந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள் எங்கள் பக்கம். அத்தை காதில் விழுந்தால், காலமெல்லாம் அழகுத்தாயைச் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவாள். மச்சான் பாய்ந்து வந்து முதுகை முட்டுக் கொடுத்தார்.

“பாத்துக்கிட்டு நிக்கீயளே! முதுகைக் குடுங்க!”

கொடுத்தேன். புது வேட்டி சட்டையோடு இரண்டு பேரும் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றோம்.

“அண்ணே, பால் பொங்கப் போகுது, வாங்க!” என்று உள்ளேயிருந்து அழகுத்தாய் கூப்பிட்டாள்.

“நீ பொங்க வையி தாயி! மாப்ளையும் நானும் பேசிக்கிட்டு இருக்கோம்!”

அவர் தோளும் என் தோளும் உரசிக்கொண்டிருந்தன. வெத்தலை பாக்கு வைத்துச் சொல்லியிருக்கவேண்டியதை அங்கே சொன்னேன்.

“மச்சான், நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க.”

“பேசாதீய மாப்ளே. நீங்க வாயைத் திறந்தா சுவரு ஆடுது.”

குலவைச் சத்தம் கேட்டது. பால் பொங்கிவிட்டது. இரண்டு டம்ளரில் பாலோடு வந்த அழகுத்தாய், எங்களைப் பார்த்தாள். மச்சான் தோளில் வழிந்த பேண்டேஜ் துணியைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. அத்தை கண்ணில் படாமல் கதவைச் சாத்திவிட்டு அண்ணன் வாயில் முதலில் பாலை வைத்தாள், பொறவு எனக்கு.

“பால்தான் பொங்கிருச்சே, விட்டுறலாமா?” என்றேன்.

“நீங்க வாங்கண்ணே, இலை போட்டிருக்கு” என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்தாள். மொத்தப் பாரமும் என் முதுகில் இறங்கியது. “எங்க அண்ணன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

மச்சான் அன்றைக்குப் பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.