திருத்தம் வந்து பதினொரு நாள்

அரியலூருக்கு வாருங்கள். கடைவீதியில் செருப்புக்கடைக்கு மேலே, இணைய நிறுவனம் ஒன்றின் மாடியறையில், ஒரு பெண்ணை நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். கயிற்றைத் தேடாதீர்கள், வந்து பாருங்கள்.

சாந்தி மேரி காலை எட்டு மணியிலிருந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். திரையில் சிவப்பு விழும், பொத்தானை அழுத்துவாள், பச்சை வரும். ஆறேழு நிமிடத்தில் மறுபடியும் சிவப்பு. தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் கணினி அது. அதன் மென்பொருளில் ஓர் ஓட்டை. முறைகெட்ட கேள்வி ஒன்றை எங்கிருந்தோ எவனோ அனுப்பினால் போதும், அப்படியே செயலற்று விழுந்துவிடும், திரை சிவக்கும். விழுந்தால் ஜெயங்கொண்டம் வரை அந்த நிறுவனத்தின் இணைப்பில் எந்தத் தளமும் திறக்காது.

ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அதைப் போடச் சொல்லி அன்றைக்கே அவள் மேலாளருக்கு எழுதிக் கொடுத்தாள். போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடவுச்சொல் கிடையாது. விழுந்தால் தானே எழும்படி அமைப்பதற்கும் அதே கடவுச்சொல்தான். அவளுக்கு அளிக்கப்பட்டிருந்தது, விழுந்ததை எழுப்பும் ஒரு பொத்தான்.

ஒன்பது மணிக்கு வரதராசன்பேட்டையிலிருந்து தம்பி சாம் அழைத்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. பங்குச் சாமியாரு நாளைக்கு ஊர்ல இல்லயாம். இன்னிக்கே அஞ்சு மணிக்கு அடக்கம். கெளம்பி வந்துரு."

மேலாளர் பிரசாத்தின் மேசைமுன் போய் நின்றாள்.

"ஆறு மணிக்கு ஒன்ன மாத்திவிட வினோதினி வந்துரும். அப்பறம் போம்மா."

"அஞ்சுக்கே அடக்கம் சார். பாஸ்வேர்டக் குடுங்க, திருத்தத்தப் போட்டுட்டுப் போயிடறேன்."

"இன்னிக்கு பாஸ்வேர்டு கேப்பீங்க, நாளைக்கு பர்மனென்ட் கேப்பீங்க. சென்னை ஆளு திங்கக்கிழம வந்து போடுவாரு."

"அப்ப நீங்களாச்சும் உக்காந்து அழுத்துங்க சார்."

"நான் மேனேஜரும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "போறதுன்னா போ. திரும்பி வர வேணாம்."

முதுகெலும்பு வட்டு விலகிப் படுத்திருக்கும் கணவனை நினைத்தாள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை நினைத்தாள். பின்னால் திரை சிவந்தது. போய் உட்கார்ந்தாள்.

நாலரைக்குச் சாம் மறுபடியும் அழைத்தான்.

"எதுவரைக்கும் வந்துருக்க?"

"ஆபீஸ்லதான்டா இருக்கேன்."

பறையொலிக்கு நடுவே சாம் குரலை உயர்த்தினான்.

"எம்பொண்ணு கம்ப்யூட்டர் ஆபீஸுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு மனுசன். ஒரு பிடி மண்ணு போட விடலயா ஒன்ன?" மூக்கை உறிஞ்சினான். "கல்லறையிலேர்ந்து லைவ் போடச் சொல்றேன். லிங்க் வரும், பாத்துக்க."

ஐந்து பத்துக்கு வந்தது. டேட்டா தீர்ந்து அலுவலக இணைப்பிலிருந்த கைபேசியில் தொட்டாள். அதே நொடியில் திரை சிவந்தது. தளத்தைக் கண்டறிய முடியவில்லை என்றது கைபேசி. அழுத்தினாள். பச்சை. தொட்டாள். சிவப்பு. அழுத்தினாள். எவனோ இப்போது விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தான். வலக்கை பொத்தானிலும் இடக்கை கைபேசியிலுமாகக் கால் மணி நேரம் போராடினாள்.

படம் வந்தபோது குழி மூடியிருந்தது. தலைமாட்டில் சிலுவை நட்டிருந்தார்கள். சாம் மண்வெட்டியைக் கல்லில் தட்டி ஈரமண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பதற்குள் திரை சிவந்தது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.

உங்கள் வீட்டில் இணையம் நின்றால் உடனே அழைத்துக் குறை சொல்வீர்கள். இனி அழைக்கும்போது கேளுங்கள்: திருத்தம் வந்து எத்தனை நாளாயிற்று? போடத் தெரிந்தவளிடம் கடவுச்சொல்லை ஏன் கொடுக்கவில்லை? பதில் வரும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.