பலகை எட்டாத முழம்

சிலம்பரசன் வீட்டு வாசலில் போய் நிற்பதைவிடக் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிவிடலாம் என்று ரஃபீக்குக்குத் தோன்றியது. ஆனாலும் போனான். போகாமல் எப்படி? கொள்ளிடத்துக்கு நடுவில் இருக்கும் மேலத்திட்டில் அவனுடைய அக்கா சுல்தானா மாட்டிக்கொண்டிருந்தாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயில் கொளுத்தியது. இந்தப் பக்கத்தில் வெள்ளம் அப்படித்தான் வரும். எங்கோ மேற்கே மழை பெய்து, அணை நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் ஒரு துளி மழை காணாத ஊரை வந்து மூழ்கடிக்கும். திட்டுக்குப் போகிற தரைப்பாலம் முந்தாநாளே முங்கிவிட்டது. மற்றவர்களுக்கு அது அரிசி பருப்புக் கவலை. சுல்தானாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். ஒரு முறை தவறிவிட்டது. இன்றைக்கு அடுத்த முறை.

"படுக்க முடியல மாப்ள, உக்காந்தே கெடக்கா. மூச்சு வாங்குது," என்று அக்கா வீட்டுக்காரர் நூருல் அமீன் போனில் அழுதார். "மீட்பு போட்டு வரும் வரும்னு சொல்றாங்க. இன்னும் காணோம்."

மீட்புப் படகுகள் பெரிய ஊர்களில் சனங்களை ஏற்றிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் வந்துவிடுமாம். சாயங்காலம்வரை அக்காவுக்கு மூச்சு இருக்க வேண்டுமே.

ரஃபீக் இருக்கும் பரங்கிப்பேட்டையில் படகுக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சமில்லை. ஆனால் கடல் வழியாகப் போய்க் கொள்ளிடத்தில் ஏற முடியாது. முகத்துவாரத்தில் வெள்ளமும் அலையும் மோதுகிற இடத்தில் எவனும் படகை விடமாட்டான். தரை வழியாக ட்ரெய்லரில் இழுத்துப் போய்க் கரையில் இறக்க வேண்டும். ஊரில் ட்ரெய்லர் இருந்தது வெல்டிங் பட்டறை ரஃபீக்கிடம் மட்டும். அந்த ட்ரெய்லரில் படகை ஏற்ற ஊரில் ஒருத்தனும் தயாராக இல்லை. அதற்குக் காரணம் சிலம்பரசனின் படகு.

போன வெள்ளத்தில் இதே ட்ரெய்லரில்தான் அவனுடைய ஃபைபர் படகை ஏற்றிப் போனார்கள். குறுக்கே இரண்டு இரும்புச் சட்டம், அதன்மேல் பழைய டயரைச் சுற்றியிருந்தான் ரஃபீக். அவ்வளவு பெரிய படகின் பாரம் முழுக்க இரண்டே இடத்தில் உட்கார்ந்தது. ஏற்றும்போது தெருவே கூடி நின்று 'ஏலேலோ' போட்டுத் தள்ளியது. போகிற வழியில் ஒரு பள்ளம். இறக்கிப் பார்த்தால் படகின் வயிற்றில் கை நுழைகிற பொத்தல். சிலம்பரசன் அன்று பேசிய பேச்சை எழுதினால் அச்சடிக்க முடியாது. அதுவரை வாய்க்கு வாய் 'மச்சான்' என்று கூப்பிட்டவன் மறுநாளிலிருந்து 'பாய்' என்றான். அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

ரஃபீக் வீம்புக்காரன். பட்டறையில் வேலை ஓய்ந்த நேரமெல்லாம் ட்ரெய்லரைப் பிரித்துப் போட்டு மாற்றினான். குறுக்குச் சட்டங்களை அறுத்தெறிந்துவிட்டு, நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக வேப்பம்பலகை வைத்தான். படகின் வயிற்றுச் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்துகொடுக்கக் கீல் போட்டான். கம்மாபுரம் பக்கம் பழைய சாமான் கடையில் கன்வேயர் பெல்ட் ரப்பரை வாங்கி வந்து பலகைமேல் அடித்தான். நடுவே ரப்பர் உருளைகள். முன்னால், படகைக் கயிற்றில் இழுத்து ஏற்றக் கையால் சுற்றுகிற வின்ச். படகு கோணிக்கொண்டு போகாமல் இருக்கப் பின்னால் இருபுறமும் நிமிர்ந்து நிற்கிற இரண்டு நெடும் குழாய்கள். சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கி நிறுத்தினால் ஒரே ஆள் படகை ஏற்றிவிடலாம்.

"மாப்பிள்ளைக்கு மெத்த போட்டு வெச்சிருக்காரு பாய்," என்று டீக்கடையில் சிலம்பரசன் சொன்னதாகச் சேதி வந்தது. "பொண்ணுதான் ஏறாது."

பெண் ஏறுமோ ஏறாதோ, அளவு எடுத்தது அவளுக்குத்தான். சிலம்பரசன் வெளியூர் போயிருந்த ஒரு நாள், கரையில் கிடந்த படகைச் சுற்றிச் சுற்றி வந்து ரஃபீக் திருட்டுத்தனமாக டேப் பிடித்திருந்தான். பழைய கூட்டாளியின் படகுக்கு ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும் என்கிற ரோஷம்தான்.

இப்போது அந்தக் கூட்டாளி கதவைத் திறந்தான். விஷயத்தைக் கேட்டான். கதவைப் பிடித்தபடியே நின்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி இலக்கியாதான் வந்தாள்.

"என்னா யோசிச்சுகினு நிக்கிற? சுல்தானா அக்கா நம்ம கல்யாணத்துக்கு விடிய விடிய வந்து பிரியாணி கிண்டுனவங்க. சாவியை எடு."

சிலம்பரசன் சாவியை எடுத்தான். "பாய், இந்தத் தடவ ஒடைஞ்சா இந்த வருசம் எங்களுக்குச் சோறு இல்ல. அத மட்டும் நெனப்புல வெச்சுக்க."

"ஒடையாது," என்றான் ரஃபீக்.

வெள்ளாற்றங்கரையில் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டார்கள். சிலம்பரசன் படகை ஓட்டி வந்து குழாய்களுக்கு நடுவே மூக்கை நுழைத்தான். ரஃபீக் வின்ச்சைச் சுற்றினான். தெரு திரளவில்லை, ஏலேலோ இல்லை. படகு உருளைமேல் நழுவி, பலகைகள் தாமாகச் சாய்ந்து வயிற்றை ஏந்திக்கொள்ள, வந்து உட்கார்ந்தது. சிலம்பரசன் குனிந்து அடியைப் பார்த்தான். கையை விட்டுத் தடவினான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது; மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டான்.

பிறகு வழக்கப்படி எஞ்சினைக் கழற்றப் போனான். அந்தக் கரையில் படகு தரைக்கு வந்தால் எஞ்சின் கழன்று, மூங்கிலில் தொங்கி, இரண்டு ஆள் தோளில் வீட்டுக்குப் போய்விடும். எஞ்சினோடு தரையில் நிற்கிற படகை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"கழட்டாத," என்றான் ரஃபீக். "அங்க போய் திருப்பி மாட்ட நேரம் இல்ல. எறக்குனதும் கெளம்பணும். என் பலகை தாங்கும்."

"தாங்குமா?"

"அதுக்குத்தான செஞ்சேன்!"

நூருல் அமீன் மறுபடி போன் செய்தார். அக்காவுக்குப் பேச்சு குழறுகிறதாம். அதற்குமேல் யாரும் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை.

ரஃபீக் லோடு வண்டியை ஓட்ட, சிலம்பரசன் பின்னால் ஏறித் தன் படகைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பி.முட்லூர்வரை நல்ல ரோடு. சிதம்பரத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப்பக்கம் திரும்பியதும் ரோடு ரோடாக இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரஃபீக் கண்ணாடியில் பார்த்தான். முன்பக்கம் அசையவில்லை. பலகை நன்றாகத்தான் பிடித்திருந்தது. 'யா அல்லா, இன்னும் கொஞ்ச தூரம்' என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தான்.

ஒரு மதகுமேல் ஏறி இறங்கியபோது பின்னால் சடக் என்று ஒரு சத்தம். உடனே கேபின் கூரையில் தடதடவென்று அடி விழுந்தது.

"நிறுத்துடா! மச்சான், நிறுத்துடா பாவி!"

இறங்கி ஓடினான். சிலம்பரசன் ட்ரெய்லருக்குப் பின்னால் மண்டி போட்டிருந்தான். ரஃபீக் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

பலகை படகின் பின்முனைவரை வரவில்லை. ஒரு முழத்துக்குமேல் படகு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அந்தரத்தின் நுனியில் எஞ்சின் தொங்கிக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் தலையாட்டி வந்திருக்கிறது. பலகை முடிகிற இடத்தில் சரியாக, படகின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

அளவெடுத்த அன்று படகில் எஞ்சின் இல்லை. கரையில் கிடக்கிற படகில் எஞ்சின் எப்படி இருக்கும்? காலிப் படகுக்கு அந்த நீளம் தாராளம் என்று கணக்குப் போட்டு, உருளைக்கு இடம் விட்டுப் பலகையை அறுத்தது அவன் கைதான். பிறந்ததிலிருந்து எஞ்சின் இல்லாத படகையே தரையில் பார்த்த கண், எஞ்சினின் பாரத்தை மறந்தே போய்விட்டது.

"திருட்டு அளவு எடுத்தியா?" என்றான் சிலம்பரசன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா."

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லடா! பின்னாடி எவ்ளோ கனம்னு தெனமும் தூக்குறவன் நான்."

"நீதான் மூஞ்சியக்கூடப் பாக்கலியே மச்சான்."

நடுரோட்டில், கொளுத்துகிற வெயிலில், இரண்டு பேரும் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் போனால் படகு பிழைக்கும். இந்த அளவு விரிசலை ஒட்டிவிடலாம். தண்ணீரில் இறக்கினால் எவ்வளவு தூரம் கிழியும் என்று யாருக்கும் தெரியாது. ரஃபீக்கால் 'போகலாம்' என்று சொல்ல முடியவில்லை. படகு அவனுடையது இல்லை. 'வேண்டாம்' என்றும் சொல்ல முடியவில்லை. அக்கா அவனுடையவள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுவாத. எஞ்சின ஒரு கை புடி," என்றான் சிலம்பரசன்.

எஞ்சினைக் கழற்றி வண்டியில் படுக்க வைத்தார்கள். ரோட்டோரக் கடையில் எம்-சீல் பசை வாங்கி விரிசலில் அப்பினார்கள். பலகையின் முன்முனையிலிருந்து ஒரு துண்டு பெல்ட்டை ரஃபீக் பிய்த்து, படகின் உள்ளே விரிசல்மேல் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையைப் போட்டான். ஆணி அடிக்க வழியில்லை.

"இதும்மேல ஒரு ஆளு மிதிச்சுகினே நிக்கணும். தண்ணியும் எறைக்கணும்," என்றான் சிலம்பரசன். "உனக்கு நீச்சல் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப நல்லா மிதி."

கொள்ளிடக் கரையில் படகு தானாக நழுவி இறங்கியது. அதைப் பார்த்து மகிழ நேரமில்லை. எஞ்சினை மாட்டிக் கிளம்பினார்கள். கொள்ளிடம் காப்பித் தண்ணீர் நிறத்தில் மரத்தையும் மட்டையையும் உருட்டிக்கொண்டு போனது. ரஃபீக் இரண்டு காலையும் கட்டைமேல் ஊன்றி, பெயிண்டு டப்பாவால் இறைத்தான். குளிர்ந்த நீர் பாதத்தைச் சுற்றி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நடு ஆற்றில் படகு ஒருமுறை நெளிந்தபோது காலுக்குக் கீழே விரிசல் நீளுகிற சத்தம் அவனுக்கு எலும்பில் கேட்டது. சிலம்பரசனும் கேட்டிருப்பான். திரும்பிப் பார்க்காமல் எஞ்சினை இன்னும் முறுக்கினான்.

திட்டில் சுல்தானாவை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து படகில் வைத்தார் நூருல் அமீன். முகம் ஊதிப்போய்க் கண்ணே தெரியவில்லை. தம்பியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. ரஃபீக் குனிந்து இறைத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

இக்கரைக்கு வந்தபோது கரை ரோட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது. ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வர முடியாது என்று போனில் சொன்னார்கள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் சுல்தானாவை எப்படி இறக்குவது?

"எறக்க வேணாம்," என்றான் சிலம்பரசன். "படகோட ஏத்து."

மேட்டில் விட்டிருந்த உயரமான லோடு வண்டியைப் பின்னுக்கு எடுத்து ரஃபீக் ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்க, எஞ்சினைக் கழற்றி வண்டியில் போட்டார்கள். சிலம்பரசன் தண்ணீரில் குதித்து, ட்ரெய்லரின் இரண்டு நெடும் குழாய்களையும் பிடுங்கினான். பலகைகளின் அடியில் நீட்டி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். பலகை எட்டாத முழத்துக்கு இப்போது குழாய் எட்டியது. வழிகாட்டக் குழாய் இல்லாததால் அவனே ஒரு பக்கமும் நூருல் அமீன் மறுபக்கமும் தோள் கொடுத்து நின்றார்கள். ரஃபீக் வின்ச்சைச் சுற்றச் சுற்ற, நாற்காலியில் உட்கார்ந்த அக்காவோடு படகு குலுங்காமல் மேலேறி வந்தது.

கேபினுக்கு மாற்றலாம் என்றபோது சுல்தானா கையை ஆட்டினாள். "உள்ள வேணாம்டா... மூச்சு முட்டும். இங்க... காத்து வருது."

நூருல் அமீன் படகில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, சிதம்பரம் கடைத்தெரு வழியாகப் படகு போயிற்று. பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். ரஃபீக் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தவன்போல் ஒவ்வொரு மேட்டுக்கும் நின்று நின்று போனான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது.

ரஃபீக் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நெடுநேரம் கழித்து நூருல் அமீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மிஷின்ல போட்டாச்சு மாப்ள. மூச்சு வாங்குறது கொறைஞ்சிருக்கு. உன்னத்தான் கேட்டா. சாப்டானான்னு கேக்குறா."

ரஃபீக் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான். அழுது முடித்துப் பார்த்தால் சிலம்பரசன் பக்கத்தில் இல்லை. ட்ரெய்லருக்குக் கீழே படுத்திருந்தான். விரிசல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போயிருந்தது. ஃபைபர் வார்க்கிற அச்சுக்குப் போய் அடியை மாற்றாமல் இந்தப் படகு இனி கடலைப் பார்க்காது.

"நான் என் செலவுல ஒட்டித் தரேன் மச்சான்," என்றான் ரஃபீக்.

"நீ படகத் தொடாத. அத நான் பாத்துக்குறேன்." சிலம்பரசன் சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வண்டியில் கிடந்த எஞ்சினின் ஒரு முனையைப் பிடித்தான். "வா, ஒரு கை புடி."

"இப்ப எதுக்கு?"

"மாட்டு. மாட்டிட்டு அள."

ஆஸ்பத்திரிக்குள் படகை நிறுத்தக் கூடாது என்று காவலாளி தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தார். இருவரும் எஞ்சினைத் தூக்கிப் பின்முனையில் மாட்டினார்கள். சிலம்பரசன் கீழே தோள் கொடுத்துத் தாங்கிக்கொள்ள, ரஃபீக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பலகை முடிகிற இடத்தில் டேப்பை வைத்தான்.