உறை உரித்த ஃபில்டர்கள்

ஸ்டோர் அக்காவுக்கு ஒழுங்கு என்றால் உயிர். அந்தக் கார் ஒர்க்ஷாப்பில் யார் வந்து எந்த நட்டைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். கேட்டவன் அளவைத் தப்பாகச் சொன்னால் சரியான அளவையும் கொடுத்து, கூடவே நாலு வார்த்தையும் கொடுப்பாள். அவள் வேலைக்கு வந்த ஒரே மாதத்தில் ஸ்டோரில் இருந்த எலிகள்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டன.

அவளை ரொம்பச் சோதித்தவை கார்பன் ஃபில்டர்கள். காருக்குள் வரும் காற்றை வடிகட்டுகிற சமாச்சாரம் அது. நோட்டுப் புத்தக அளவில், மடிப்பு மடிப்பாக, கன்னங்கரேல் என்று இருக்கும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் பாதி காற்று. காற்றுக்கெல்லாம் அலமாரியில் இடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை. சரக்கு வந்த அன்றைக்கே பெட்டியைக் கிழித்து, உறையை உருவி, விளிம்பில் மார்க்கரால் வண்டியின் பெயரை எழுதி, புத்தகம் அடுக்குவது போல நிறுத்திவிடுவாள். அலமாரியில் பாதி காலியானது. அங்கே பெயின்ட் அடிக்கிறவர்கள் பெயின்டை இளக்கக் கலக்கும் தின்னர் டின்களை வைத்தாள். இரண்டு டின்களுக்கு மூடி சரியாக இறுகாது. மேனேஜர் வந்து பார்த்து மெய்மறந்து போனில் போட்டோ எடுத்தார்.

ஏசி வேலை பார்ப்பவன் அவளுடைய சொந்தத் தம்பி. "என் தம்பி சார், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

மூன்று மாதம் கழித்துப் புகார்கள் வர ஆரம்பித்தன. புது ஃபில்டர் போட்டும் லாரிப் புகை அப்படியே உள்ளே வருகிறது என்றார் ஒருவர். ஏசி போட்டால் தலை வலிக்கிறது என்றார் இன்னொருவர். மேனேஜர் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தம்பி பழைய ஃபில்டரைத் தட்டிவிட்டு மறுபடியும் மாட்டுகிறான், புதியதை வெளியே விற்கிறான். இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

வேறு அக்காவாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இவள் போய்ச் சரக்கை எண்ணிப் பார்த்தாள். கணக்கு கச்சிதமாக இருந்தது. ஸ்டோரில் தப்பே இல்லை, ஆகவே தப்பு தம்பியிடம்தான். அவளுடைய மூளை அப்படித்தான் வேலை செய்தது. அன்று மத்தியானம் மேனேஜரிடம் தாழ்ந்த குரலில், "சாயங்காலம் போறப்போ அவன் பையைப் பாத்துடுங்க சார், உள்பக்க ஜிப்பையும் விட்டுடாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

பார்த்தார்கள். எல்லோர் முன்னாலும்தான். டிபன் பாக்ஸ், அழுக்குச் சட்டை, மகளுக்கு வாங்கிய ஒரு ஜோடி சாக்ஸ். தம்பி சாக்ஸை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அடுத்த வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவர் தன் காரோடு வந்தார். அவருக்கு இது மூன்றாவது நடை.

"பெயின்ட் கடைக்குள்ள உக்காந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்குப்பா" என்றார்.

மேனேஜர் தம்பியைப் பார்த்த பார்வையிலேயே பாதி வேலை போய்விட்டது. இந்த முறை எல்லோர் கண் முன்னாலும் மாற்ற வேண்டும், ஃபில்டரை அக்காவே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தம்பி டேஷ்போர்டு டிராயரைக் கழற்றி உள்ளிருந்த ஃபில்டரை உருவினான். அதன் விளிம்பில் மார்க்கர் எழுத்து இருந்தது. அவளுடைய கையெழுத்து. போன தடவை அவன் புதியதைத்தான் மாட்டியிருக்கிறான்.

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தம்பி அவள் கையிலிருந்ததை வாங்கி மாட்டி ஏசியைப் போட்டான். வாத்தியார் உள்ளே தலையை நீட்டி, "அதே நாத்தம்" என்றார்.

அவள் விறுவிறுவென்று ஸ்டோருக்குப் போய் ஒரு ஃபில்டரை எடுத்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிற மூக்கு அது. வாத்தியாரைக் கூப்பிட்டு நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கி, "இதத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார்.

காலையில் வந்த பெட்டி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதைக் கிழித்து, உள்ளே இருந்த உறையை முதல்முறையாகப் படித்தாள். மாட்டும் வரை பிரிக்கக் கூடாது என்று ஆறு மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். அதில் இரண்டு அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். கார்பன் கிடைக்கிற வாசனையையெல்லாம் குடிக்கிற சாதி. அலமாரியிலேயே மூன்று மாதம் தின்னரை வயிறு முட்டக் குடித்தவற்றுக்கு, லாரிப் புகைக்கு ஏது இடம்?

உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்பி பிரித்து மாட்டினான். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஒண்ணும் வரலையே" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

"தப்பு என்னோடது சார். எல்லாத்தோட உறையையும் உரிச்சு வச்சது நான்தான்" என்றாள் அக்கா.

மேனேஜர் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்குப் பேசிக்கலாம்மா" என்றவர், போகிற போக்கிலேயே போனை எடுத்து எதையோ அழித்தார்.

தம்பி டிராயரைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"மாட்டுறப்பவே மூக்குல ஏறுச்சே. உறையோட குடுன்னு கேட்டேன். இடத்தை அடைக்குதுன்னு சொல்லிட்ட."

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன்னை அனுப்பிடுவாரு. எனக்கு வேற ஒர்க்ஷாப் கிடைக்கும். இந்த வயசுல உனக்கு யாரு குடுப்பா?"

எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"உன் பையைப் பாக்கச் சொன்னது நான்தான்."

அவன் நிமிரவில்லை. கடைசி ஸ்குரூவைத் திருகினான்.

"தெரியும். நேரா உள்பக்க ஜிப்பைத் திறன்னாரு. அந்தப் பையில அப்படி ஒரு ஜிப் இருக்குன்னு எனக்கும், தச்சுக் குடுத்த உனக்கும்தான் தெரியும்."